கத்தரி வயலும் நீலப்பட்டைத் தேனீயும்: 96 பக்க கிராஃபிக் நாவலுக்கு ஆலோசனை தேவை

வரப்புத்தும்பை கேட்டது:

வணக்கம். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கிராஃபிக் நாவல் திட்டமிட்டிருக்கிறோம். கதை நான், படம் தோழி. களம் வேலூர் மாவட்டம் இலவம்பாடிப் பக்கம் ஒரு முள்ளுக்கத்தரி வயல். நாயகி நீலப்பட்டைத் தேனீ. வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், தும்பை கருகிவிடுகிறது, தேனீ வரத்து நின்று காய் சிறுத்துப்போகிறது; காரணத்தை அந்த வீட்டுப் பெண் கண்டுபிடிக்கிறாள். வில்லன் காய்ப்புழு. கடைசியில் தேனீ தன் மகளோடு திரும்பி வருகிறது. இதுதான் கதை.

96 பக்கம், கிரௌன் 1/4 அளவு, கருப்போடு நீலம் மட்டும். பென்சில் வேலை தொடங்கும் முன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும். பூச்சியைப் பொறுத்தவரை எந்த இடத்தில் தப்பு வரும்? தேனீ பேசலாமா? தேனீயின் கண் வழியாகக் காட்டும் கட்டங்களை எப்படி வரைவது? தமிழ் வசனத்துக்குக் குமிழியில் எவ்வளவு இடம் விட வேண்டும்? நீலம் அச்சில் சரியாக வருமா? எல்லாவற்றையும் விட, பாடப்புத்தகத்தின் சுற்றுச்சூழல் பாடம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

ஆறுகால் பதில்:

முதலில் கதையைத் திருத்துங்கள், படம் பிறகு. நீலப்பட்டைத் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. ராணி, வேலைக்காரி, தேன்கூடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் மண்ணில் தனி வளை தோண்டி, உள்ளே சிறு அறைகள் கட்டி, நீர் புகாதபடி மெழுகு மாதிரி ஒரு பூச்சுப் பூசி, மகரந்தமும் பூந்தேனும் குழைத்து வைத்து, ஒரு அறைக்கு ஒரு முட்டை இட்டு மூடிவிடும். வளர்ந்த தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான். அறைக்குள் இருக்கும் பிள்ளை வெளியே வரும்போது தாய் பெரும்பாலும் உயிரோடு இருக்காது. எனவே 'தாயும் மகளும் திரும்பி வருகிறார்கள்' என்ற முடிவு நிற்காது.

நாற்று நட்டதிலிருந்து கடைசிப் பறிப்பு வரை கத்தரி ஐந்து மாதம் போல நிலத்தில் நிற்கும். அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைத் தேனீக்கள் வந்து போய்விடும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம், உங்கள் கதைக்கே இது பலம். ஒரே தேனீயை 96 பக்கத்துக்கும் இழுக்காமல், வளை இருக்கும் மண்மேட்டை நிலையான இடமாக வையுங்கள். முதல் பாகத்தில் வளை தோண்டியவள் நடுவில் இறந்துபோகட்டும். அவள் மூடிவைத்த அறை மண்ணுக்குள் இருப்பது வாசகனுக்குத் தெரியும், வயலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மேட்டைக் கொத்திச் சமன் செய்யப்போகும் மண்வெட்டி அப்போது தானாகவே பதற்றம் தரும். அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

தும்பையை எடுத்தது மிகச் சரி. காரணத்தை இன்னும் கூர்மையாகக் காட்டலாம். கத்தரிப்பூவில் பூந்தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் எளிதில் கிடைக்காது. நடுவில் மஞ்சளாகக் கூம்புபோல நிற்கும் மகரந்தப்பைகளின் நுனியில் சிறு துளைதான் உண்டு; அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கருந்தேனீயும் இதைச் செய்யும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இது முடியாது, சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவே. ஆக, மகரந்தத்துக்குக் கத்தரி, பறக்கத் தேவையான பூந்தேனுக்குத் தும்பை, துளசி போன்ற பூக்கள் என்று இவளுக்கு இரண்டு கடையும் வேண்டும். வரப்பைச் சுட்டெரித்தால் கத்தரிப்பூ அப்படியே இருந்தும் இவள் வர மாட்டாள். 'தேனீப்பெட்டி வாங்கி வைத்தால் போதாதா?' என்று ஒரு பாத்திரம் கேட்கட்டும். வாசகனுக்கும் அதே கேள்வி இருக்கும்.

ஆனால் மிகைப்படுத்தாதீர்கள். தேனீ இல்லாவிட்டால் கத்தரி காய்க்கவே காய்க்காது என்று எழுதினால் தவறு. ஒரே பூவுக்குள் மகரந்தம் சேர்ந்தும் காய் பிடிக்கும், காற்றசைவிலும் கொஞ்சம் கொட்டும். குறைவது பிடிக்கும் காய்களின் எண்ணிக்கையும் எடையும் விதையும். 'தேனீ அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டு' என்று ஐன்ஸ்டைன் பெயரில் சுற்றும் வாசகத்தையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர் சொன்னார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இனிப் படம். ஆறு காலும் மார்பிலிருந்துதான் புறப்பட வேண்டும். வயிற்றில் கால் ஒட்டுவதுதான் சித்திரக்கதைகளில் அதிகம் காணும் பிழை. நடக்கும்போது ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் மறுபக்கத்து நடுக்காலும் சேர்ந்து தரையில் நிற்கும், மற்ற மூன்றும் நகரும். இந்த முக்காலி நிலையை வரைந்தால் பூச்சி உண்மையிலேயே நடப்பது போல இருக்கும். இறக்கை நான்கு, பின்னிறக்கை முன்னிறக்கையோடு கொக்கிகளால் கோத்திருப்பதால் பறக்கும்போது இரண்டாகத்தான் தெரியும். உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணு, ஆணுக்கு 13. கொடுக்கு பெண்ணுக்கு மட்டும். மகரந்தத்தை அடுக்குத் தேனீ போல உருண்டை பிடித்து ஒட்டிக்கொண்டு போகாது. பின்னங்கால் முழுக்கத் தூரிகை மாதிரி இருக்கும் முடியில் உலர்தூளாக அப்பியிருக்கும்.

பூவை அதிர வைக்கும் கட்டம்தான் புத்தகத்தின் உயிர், ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். கத்தரிப்பூ தலைகுனிந்து தொங்கும். தேனீ கீழிருந்து பற்றி, உடலை வளைத்துக் கூம்பைக் கட்டிக்கொள்ளும். இறக்கைகள் அப்போது பின்னால் மடிந்திருக்கும். பறப்பதற்கான தசைகள் இறக்கையை அசைக்காமல் உடலை மட்டும் அதிர வைக்கின்றன. ஆகவே அசைவுக் கோடுகளை இறக்கையில் போடாதீர்கள், மார்பையும் மகரந்தப்பையையும் சுற்றிப் போடுங்கள். தூள் அவள் வயிற்றின் அடிப்பக்கத்தில் கொட்டும். ஒலி பறக்கும் ரீங்காரத்தைவிடச் சுருதி கூடியது. 'ங்ங்ங்ங்' என்று வந்தவள் பூவைப் பிடித்ததும் 'ஞ்ஞீஈஈ' என்று மாறினால் கண்ணாலேயே கேட்கும்.

இன்னொன்று, எல்லாக் கத்தரிப்பூவும் காயாகாது. சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) மகரந்தப்பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் நன்றாகக் காய் பிடிக்கும். சூல்தண்டு குட்டையாக உள்ளே ஒளிந்திருக்கும் பூ உதிர்ந்துவிடும். 20ஆம் பக்கத்தில் வரைந்த பூ 60ஆம் பக்கத்தில் காயாகப்போகிறது என்றால் அதைச் சூல்முடி நீண்ட பூவாகவே வரையுங்கள்.

முள்ளுச்செடி பதில்:

வில்லனைப் பத்திச் சொல்றேன். காய்ப்புழுவைக் கெட்டவனாக் காட்டறதைவிட, மருந்து ஏன் வேலை செய்யலைன்னு காட்டுங்க. கதை அங்கதான் இருக்கு.

தாய் அந்துப்பூச்சி வெள்ளையா, இறக்கையில பழுப்புத் திட்டோட இருக்கும். முட்டையைப் பெரும்பாலும் இலைக்கு அடியில வைக்கும். பொரிஞ்ச புழு சீக்கிரமே இளங்குருத்துக்குள்ளயோ பூவுக்குள்ளயோ பிஞ்சுக்குள்ளயோ பூந்துடும். பூந்த துளையைத் தன் கழிவாலயே அடைச்சுக்கும். அதுக்கப்புறம் மேல எவ்வளவு அடிச்சாலும் உள்ள இருக்கிற புழு மேல படாது. படறது பூவுக்கு வர்ற தேனீ மேலயும் புழுவைத் தேடி வர்ற குளவி மேலயும்தான். பலன் தெரியலன்னு மறுபடி அடிப்பாங்க. இந்தச் சுழலை நாலு கட்டத்துல காட்டிடலாம்: வெளியில பளபளன்னு காய், குறுக்குவெட்டுல உள்ள இளஞ்சிவப்புப் புழு, மேல தெளிப்பான், கீழே விழற தேனீ. விவசாயி கெட்டவர் ஆக மாட்டார், அவர் கைக்கு எட்டாத இடத்துல பிரச்சினை இருக்குன்னு பிள்ளைங்களுக்குப் புரியும்.

மாற்று வழியையும் வேலையாவே காட்டுங்க, வசனமா வேண்டாம். வாடித் தொங்கற குருத்தை வாடின இடத்துக்குக் கொஞ்சம் கீழயே, புழுவோட சேர்த்துக் கிள்ளி எடுக்கணும். அதை வரப்புல போட்டா புழு கூடு கட்டிப் பூச்சியா வந்துடும். எரிக்கணும், இல்ல ஆழமாப் புதைக்கணும். துளை விழுந்த காயும் அப்படித்தான். பெண் அந்தோட வாசனையை வெச்சு இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஹெக்டேருக்கு 12, ஏக்கர் கணக்குல சுமார் 5. செடி உயரத்துக்குச் சற்று மேல தொங்கணும், செடி வளர வளரப் பொறியையும் ஏத்தணும். அதுல விழறது ஆண் அந்து மட்டும். முட்டை வைக்க வந்த பெண் பொறியில மாட்டின மாதிரி படம் போட்டா தப்பு.

மருந்து அடிச்சே ஆகணும்னு ஒரு காட்சி வந்தா, காலையில பூ விரிஞ்சு தேனீ நடமாடற நேரத்துல அடிக்கற மாதிரி போடாதீங்க. சாயங்காலம் அடிக்கறதுதான் பரிந்துரை. காத்து வரப்புப் பக்கம் வீசுதான்னும் பாக்கணும்.

அப்புறம் பொறிவண்டு. கத்தரி இலையில புள்ளி வண்டு வரைஞ்சா எந்த வண்டுன்னு முடிவு பண்ணிட்டு வரைங்க. அசுவினியைத் தின்னு நமக்கு உதவற பொறிவண்டு வழவழன்னு மின்னும். இலையைச் சுரண்டித் தின்ற எபிலாக்னா வண்டு மங்கலா, மேல பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமத்தோட, 12 அல்லது 28 புள்ளியோட இருக்கும். அதோட குஞ்சுப்புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளு. அது தின்ன இலை நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையா நிக்கும். இந்த ரெண்டையும் குழப்பிட்டா புத்தகத்தைப் படிச்ச பிள்ளை நல்ல வண்டை நசுக்கும். பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு ஒரு பக்கம் கொடுத்துடுங்க.

மசிக்கோடு பதில்:

தேனீ பேச வேண்டாம் என்பது என் கருத்து. பேசத் தொடங்கினால் எழுத்தாளர் தன்னையறியாமல் தேனீயின் வாயில் சுற்றுச்சூழல் பாடத்தை வைத்துவிடுவார். மனிதர்கள் குமிழியில் பேசட்டும். பூச்சிகளுக்கு ஒலி எழுத்து, உடல் நிலை, கட்டத்தின் அளவு ஆகிய மூன்றும் போதும். பேசியே ஆக வேண்டுமானால் அந்தப் பூச்சிக்குத் தெரியக்கூடியதை மட்டும் சொல்லட்டும்: வெயில், மணம், அதிர்வு, பசி. 'பூச்சிமருந்து' என்ற சொல் அதற்குத் தெரியாது.

தேனீயின் கண் என்றதும் ஒரே பூவை நூறு அறுகோணத்துக்குள் நூறு முறை வரைவார்கள். கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு சில்லும் முழுப் படத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைத் தருகிறது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு படம். தேனீயின் பார்வை நுணுக்கம் சுமார் 1 பாகை என்று வைத்துக் கணக்குப் போடலாம். 4 செ.மீ. அகலப் பூ ஒரு மீட்டர் தொலைவில் 2 பாகைக்குச் சற்று மேல், அதாவது இரண்டு புள்ளி. 10 செ.மீ. தொலைவில் 22 புள்ளி போல. ஆகவே மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: முதலில் மங்கலான இரண்டு புள்ளி, அடுத்து ஐந்து இதழ் என்று ஊகிக்கக்கூடிய கறை, கடைசியில் பூ. நெருங்க நெருங்கத்தான் தெளிகிறது என்பது வாசகனுக்கு விளக்கமில்லாமல் புரிந்துவிடும். செய்முறை சுலபம். கட்டத்தின் ஓவியத்தைக் கணினியில் 60 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கி, அதன் மேல் கையால் புள்ளி வையுங்கள். கணினி தரும் சதுரங்களை அப்படியே விட்டால் கேமரா பழுதான மாதிரி இருக்கும்.

வேகமும் வேறு. நமக்குத் தொடர்ச்சியாகத் தெரியும் ஒளித்துடிப்பைத் தேனீ தனித்தனியாகப் பார்க்கும். பெண் கை வீசுவதை மனிதக் கண்ணில் ஒரே கட்டம், தேனீக் கண்ணில் அதே அகலத்தில் நான்கு ஒடுங்கிய கட்டம் என்று வைத்தால் அந்த வேறுபாடு வந்துவிடும்.

மாதிரிக்குப் படம் தேடும்போது கவனம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்கள் ஏராளம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருப்பதை விலைக்கு விற்கும் புத்தகத்துக்காகப் பிரதியெடுத்து வரையக் கூடாது. பல படங்களைப் பார்த்து உடலமைப்பைக் கற்றுக்கொண்டு, நிலையை நீங்களே அமையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பூச்சிகளை நெருங்கிப் பார்க்கலாம். ஊசி குத்திய பூச்சியின் கால் மடிப்பும் இறக்கை விரிப்பும் உயிருள்ளதின் நிலை அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எழுத்துக்கு வருவோம். கிரௌன் 1/4 என்றால் சுமார் 18 x 24 செ.மீ. ஓரம் போக ஒரு வரிசையில் மூன்று கட்டம் வைத்தால் ஒவ்வொன்றும் 5 செ.மீ.தான் வரும். 'மகரந்தச்சேர்க்கை' என்ற ஒரு சொல்லே 10.5 புள்ளி (பாயின்ட்) எழுத்தில் 3 செ.மீ. போலத் தின்றுவிடும். வசனம் உள்ள வரிசையில் இரண்டு கட்டத்துக்கு மேல் வேண்டாம். மூன்றும் நான்கும் வசனமில்லாத வரிசைக்கு. ஒரு குமிழிக்கு நான்கு வரி, பன்னிரண்டு சொல் உச்சவரம்பு. எழுத்து 10.5 புள்ளி என்றால் வரி இடைவெளி 14.5 கொடுங்கள். மேல் வரியின் 'கு', 'ளு' கீழே இறங்கி, அடுத்த வரியின் 'கி', 'தீ' மேலே ஏறி மோதும். ஆங்கிலக் காமிக்ஸ் அளவுகள் இங்கே செல்லாது. சொல் மடங்கினால் பொருள் எல்லையில் உடையுங்கள்: 'மகரந்தச் / சேர்க்கை'. மென்பொருள் உடைக்கும்படி விடாதீர்கள்.

குமிழியை முதலில் வையுங்கள், பூச்சியைப் பிறகு. சிறுபடத் திட்டத்திலேயே வசனத்தை உண்மையான எழுத்துருவில் தட்டி ஒட்டிப் பாருங்கள். மை போட்ட பிறகு குமிழி தேனீயின் உணர்கொம்பை மறைத்தால் திருத்துவது பெரும்பாடு. எழுத்துரு யூனிகோடாகவே இருக்கட்டும். முக்தா மலர் வசனத்துக்கு நன்றாக நிற்கும், பல தடிமனில் உண்டு. பலூ தம்பி ஒலி எழுத்துகளுக்கு. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் 'வேர்ல்ட் ரெடி' பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ', 'கெ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். இன்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை.

வரப்புத்தும்பை:

மூவருக்கும் நன்றி. மண்மேட்டை மையமாக வைத்துக் கதையைத் திருப்பிப் போடுகிறோம், பூச்சிகள் பேசப்போவதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். காய்ப்புழுவை வில்லன் ஆக்கவில்லை என்றால் தேனீக்கு நேரடியான எதிரி யார்? நீலத்தை அச்சுக்கு எப்படிக் கொடுப்பது?

ஆறுகால் பதில்:

எதிரியும் நீலமாகவே இருக்கிறாள். குயில்தேனீக்களில் ஒரு வகை கருப்பு உடலில் நீலத் திட்டுகளோடு இருக்கும். தானே வளை தோண்டாது. நீலப்பட்டைத் தேனீ வெளியே போயிருக்கும்போது அவள் வளைக்குள் புகுந்து முட்டையிடும், அதன் பிள்ளை அங்கே சேர்த்துவைத்த உணவைத் தின்று வளரும். வளைகள் உள்ள இடத்தில்தான் இவள் பிழைக்க முடியும் என்பதால், இவளைப் பார்த்தால் அந்த மண்மேடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெண் முதலில் இவளை விரட்டப் பார்த்து, பிறகு விட்டுவிடுவதாக ஒரு காட்சி வைத்தால் 'நல்ல பூச்சி, கெட்ட பூச்சி' என்ற கணக்கே மாறிவிடும். வரையும்போது ஒருத்திக்கு வயிற்றில் முழுப் பட்டை, மற்றவளுக்கு உடைந்த திட்டு; பின்னங்காலில் மகரந்தத் தூரிகை குயில்தேனீக்குக் கிடையாது.

உயிருள்ளதைப் பார்த்து வரைய ஆண் தேனீக்கள் வசதி. அவற்றுக்கு வளை இல்லை. மாலையில் மெல்லிய காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். பொழுது சாயும்போதும் விடியற்காலையிலும் அசையாமல் இருப்பதால் கைப்பேசியிலேயே தெளிவாக எடுக்கலாம். இந்தக் காட்சி கதைக்கும் உதவும்: வரப்புத் தண்டுகள் உணவுக்கு மட்டுமல்ல, படுக்கைக்கும்.

பின்னிணைப்பில் செய்முறை வேண்டுமானால் மண்கட்டி ஒன்றைக் கொடுங்கள். களிமண்ணும் மணலும் கலந்த மண்ணை, நகத்தால் கீறினால் உதிரும் அளவுக்கு மென்மையாகப் பிசைந்து, செங்கல் அளவில் அச்சில் அடைத்து, ஈரம் இருக்கும்போதே பென்சிலால் 2 அல்லது 3 செ.மீ. ஆழத்துக்குச் சில துளைகள் போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். மழை படாத சுவரோரம் படுக்கைவாட்டில் வைக்கலாம். சிமெண்ட் கலந்தால் தேனீயால் தோண்ட முடியாது. வரும் என்று உறுதி சொல்லாமல், பூவும் அருகில் இருந்தால் வரலாம் என்று எழுதுங்கள்.

ஃபாரம் பதினாறு பதில்:

96 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கத் தொகுதி) சரியாக ஆறு, ஒரு தாளும் வீணாகாது. முகப்பு விவரங்களுக்கு 4, பின்னிணைப்புக்கு 6 எடுத்தால் கதைக்கு 86. திடுக்கிடும் காட்சிகளை இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். இடப்பக்கமாக வருவதால் தாளைத் திருப்பிய பிறகுதான் கண்ணில் படும்.

நீலத்துக்குத் தனி மை கலக்கத் தேவையில்லை. கருப்பு, சியான் (அச்சகத்தின் வழக்கமான நீல மை) என்று இரண்டே பிளேட் போதும், நான்கு வண்ணத்தைவிடச் செலவு குறையும். ஆனால் திரையில் பார்க்கும் மின்னும் நீலம் தாளில் வராது. சியான் 100 விழுக்காட்டோடு கருப்பு 20 சேர்த்தால் பட்டைக்கு ஆழம் வரும். கத்தரிப்பூவின் ஊதாவுக்கு சியான் 25 போதும். பட்டையை அழுத்தமாகக் காட்ட விரும்பினால் மற்ற இடங்களில் நீலத்தைச் சிக்கனமாக வையுங்கள். வானத்துக்கெல்லாம் நீலம் அடித்தால் தேனீ தொலைந்துபோகும்.

கோட்டோவியத்தையும் நீலத்தையும் தனித்தனி அடுக்காகக் கொடுங்கள். கோடு 1200 டிபிஐ, சாம்பல் இல்லாத சுத்தக் கருப்பு. சாம்பல் கலந்தால் கோட்டின் விளிம்பு புள்ளியாக உடைந்து, தேனீயின் முடி பஞ்சாகிவிடும். ஒன்றரை மடங்கில் வரைகிறீர்கள் என்றால் 27 x 36 செ.மீ., ஏ3 தாளில் அடங்கும். அங்கே 0.3 மி.மீ. கோடு அச்சில் 0.2 ஆகும். அச்சில் 0.1க்குக் கீழே போகும் முடிகள் காணாமல் போகும்.

அச்சில் இரண்டு நிறமும் இம்மி விலகுவது சகஜம். நீலத்தைக் கருங்கோட்டின் உள்விளிம்போடு நிறுத்தாமல் கோட்டுக்கு அடியில் ஓட விடுங்கள், கருப்பு நிறத்தை அதன் மேலேயே அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பட்டையோரம் வெள்ளைக் கீற்று தெரியும். வசன எழுத்து கருப்பு மட்டும். நீலப் பரப்பில் வெள்ளை எழுத்து வைத்தால் சுழிகள் அடைபடும்.

தாள் 90 ஜிஎஸ்எம் வெள்ளை மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சு இல்லாத தாள்). நாவல்களுக்குப் போடும் மங்கல் மஞ்சள் தாளில் சியான் பச்சையாகத் திரும்பும். மேப்லித்தோ மையை உறிஞ்சும், 70 விழுக்காட்டு நீலம் முழு நீலம் போல அடைத்துவிடும். இடைநிலை நீலங்களை 15, 30, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஓரத்தில் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி ஓடும் படம்), உள் ஓரத்தில் குறைந்தது 15 மி.மீ. வெற்றிடம். இரு பக்கமும் சேர்ந்த படத்தில் தேனீயின் உடல் முதுகு மடிப்பில் விழாமல் பாருங்கள். ஒவ்வொரு ஃபாரத்தையும் நூலால் தைக்கும் செக்‌ஷன் தையல் போட்டால் பக்கம் நன்றாக விரியும், பள்ளிக்கூட நூலகத்தில் பிய்யாமலும் இருக்கும்.

ஆறு ஃபாரத்தையும் ஓட விடும் முன், பட்டை, பூ, மண்மேடு மூன்றும் வரும் ஒரே ஒரு பக்கத்தை அதே தாளில் அதே மெஷினில் ஓட்டிக் கேளுங்கள். டிஜிட்டல் ப்ரூஃபை வைத்து நீலத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.